தம்பியின் டொக்டர் இடமாற்றம் போன பிறகு



"தம்பிட டொக்டர் மாறிப் போயிட்டாராமே, இனி என்ன செய்யப் போறீங்க?" சில மாதங்களாகப் பாடசாலை வாசலிலும் மீன் சந்தையிலும் கலியாண வீடுகளிலும் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கிறவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள். இந்தியாவுக்குக் கொண்டு போகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசலில் அறிவித்து வசூல் செய்து தரவா என்று ஜமாஅத்தார் இரண்டு பேர் வீடு தேடி வந்தே கேட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். கிட்னி மாற்றியவர்கள் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறார்கள், அவர்களுடைய வீட்டாருக்கும் உதவலாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தம்பியின் இரண்டு கிட்னியும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை டயலிசிஸ் செய்துகொண்டிருந்தான். 2020 பெப்ரவரியில் உம்மாவின் ஒரு கிட்னியை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். அடுத்த மாதம் நாடே ஊரடங்கு. ஆஸ்பத்திரியின் பெயரும் டொக்டரின் பெயரும் இங்கே வேண்டாம். இரவு பஸ்ஸில் ஏறினால் சுபஹுக்குக் கிட்டத்தட்ட இறங்கும் தூரத்திலுள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி, அது போதும்.

அந்த டொக்டர் சிங்களவர். தமிழில் ஏழெட்டுச் சொற்கள்தான் தெரியும், அதில் மூன்று "தண்ணி", "குளிசை", "உம்மா". எங்கள் உம்மாவை அவரும் உம்மா என்றுதான் கூப்பிடுவார். ஒப்பரேஷன் முடிந்த இரவு தியேட்டர் உடுப்போடு வெளியே வந்து, சிறுநீர் வரத் தொடங்கிவிட்டது என்று கையால் காட்டிச் சொன்னார். வாப்பா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். எரிபொருள் இல்லாத 2022இல் கிளினிக் நாளில் வந்து சேர முடியாமல் மறுநாள் போய் நின்றபோதும் அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் மேல் குடும்பமே சாய்ந்து நின்றதில் ஆச்சரியம் இல்லை. தம்பிக்கு அது நம்பிக்கையையும் தாண்டிய ஒன்று. தன் வயிற்றைத் திறந்து பார்த்த மனிதர் பக்கத்தில் இருந்தால் கிட்னி நல்லா இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இடமாற்றத்தை யாரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை. கிளினிக்குக்குப் போன ஒரு காலையில் அறைக் கதவில் வேறு பெயர் இருந்தது. நம்பர் கொடுக்கும் சிற்றூழியர்தான், "சேர் மாறிப் போயிட்டார், கொழும்புப் பக்கம்" என்றார். நோயாளிகளுக்கு முன்கூட்டியே ஒரு கடதாசி ஒட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறோம். மாறிப் போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் இருவர் ஆசிரியர்கள், வாப்பா அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடாந்த இடமாற்றம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கஷ்டப் பிரதேசப் பாடசாலையிலிருந்து மாறி வரும்போது பிள்ளைகள் பஸ்ஸின் பின்னால் ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறோம். டொக்டருக்கும் பிள்ளைகள் இருக்கும், வயதான தாய் தகப்பன் இருப்பார்கள்.

அன்று கிளினிக் வாங்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிட்னி மாற்றியவர்களின் வாங்கு அது. ஒருவரின் கிரியேட்டினின் எண் மற்றவருக்கு மனப்பாடம். பொலன்னறுவையிலிருந்து வரும் ஒரு சிங்கள அக்கா, மலையகத்திலிருந்து வரும் ஓர் ஐயா, எங்கள் பக்கத்து மூன்று குடும்பங்கள். யாரோ இறந்துபோன வீடு மாதிரி எல்லோரும் மெதுவாகக் கதைத்தார்கள். பிறகு வாங்கு இரண்டாகப் பிரிந்தது. டொக்டர் போன இடத்துக்கே கிளினிக்கை மாற்றுவோம் என்றவர்கள் ஒரு பக்கம். இங்கேயே இருப்போம், ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை அவரைத் தனியாரில் சனல் பண்ணிக் காட்டுவோம் என்றவர்கள் மறுபக்கம். தம்பி முதலாவது கட்சி. வாடகை வானுக்கு எவ்வளவு என்று அங்கேயே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

பொலன்னறுவை அக்கா உண்மையிலேயே மாறிப் போனார். போன இடத்தில் அவருடைய பைல் இல்லை. பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரும்வரை அங்கே குளிசை கொடுக்க முடியாது என்றார்களாம். கையிலிருந்தது முடிந்ததும் சில நாட்களுக்கு வெளியே காசு கொடுத்து வாங்கினார். டக்ரோலிமஸ் வெளியே என்ன விலை என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். அக்கா இப்போது நன்றாக இருக்கிறார், அங்கேயே பழகிவிட்டார். ஆனால் அந்த இடைவெளி நாட்களைப் பற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் நடுங்குகிறது. மாறுவது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. கடிதமும் பைலின் பிரதியும் குறைந்தது ஒரு மாதக் குளிசையும் கையில் இல்லாமல் மாறக்கூடாது.

தம்பியை எப்படி நிறுத்தி வைத்தோம் என்று கேட்கிறீர்கள். புத்தி சொல்லி அல்ல. ஆசிரியர்கள் என்பதால் ஒரு கதை சொன்னோம். உலகத்தில் முதன்முதலாக வெற்றி பெற்ற கிட்னி மாற்று 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நடந்தது. இரட்டைச் சகோதரர்களில் ஒருவர் கொடுத்தார், மற்றவர் எட்டு வருடம் வாழ்ந்தார். செய்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோசப் மரே. அதற்காக 1990இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த மனிதரே 1971இல் கிட்னி மாற்றும் வேலையை விட்டுவிட்டுத் தன்னுடைய பழைய துறையான பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார். மாற்றிய வரலாற்றின் முதல் டொக்டரே இடம் மாறியவர்தான். தம்பி சிரித்தான். "அப்ப அவர்ட நோயாளிகள ஆர் பார்த்த?" என்று கேட்டான். சரியான கேள்வி. வெட்டித் தைக்காத கிட்னி வைத்தியர்கள் பார்த்தார்கள். பொஸ்டனிலும் ஆரம்பத்திலிருந்தே ஜோன் மெரில் என்ற கிட்னி வைத்தியர் கூடவே இருந்தார்.

இதைத்தான் எங்களுக்கும் விளங்கிக்கொள்ளக் காலம் எடுத்தது. சத்திரசிகிச்சை நிபுணர் குழாய்களைப் பொருத்தி, கிட்னியை வயிற்றின் கீழ்ப்பக்கம் வைத்துத் தைத்துத் தருகிறார். அந்தக் காயம் ஆறி, உள்ளே வைத்த சிறு குழாயையும் எடுத்த பிறகு அவருடைய பெரிய வேலை அநேகமாக முடிகிறது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக நடப்பது வேறு போராட்டம். உம்மாவின் கிட்னி என்றாலும் தம்பியின் உடம்புக்கு அது அந்நியப் பொருள்தான். அதை விரட்டப் பார்க்கும் எதிர்ப்புச் சக்தியைக் குளிசையால் அடக்கி வைக்க வேண்டும். கூடினால் கிருமி பிடிக்கும், கையும் நடுங்கும், கிட்னிக்கே கெடுதி. குறைந்தால் உடம்பு கிட்னியை நிராகரிக்கும். அந்த அளவை இரத்தத்தில் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறவர் கிட்னி வைத்தியர். அவர் எங்கேயும் போகவில்லை. அந்த அறைக்குப் பக்கத்து அறையிலேயே இருந்தார். நாங்கள் அவருக்கு ஸலாம் சொல்லிக் கடந்து போய்க்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

தம்பிக்கு அவரைப் பிடிக்கவில்லை. முகம் பார்த்துக் கதைப்பதில்லை, கொப்பியைத்தான் பார்க்கிறார் என்பது அவனுடைய குற்றச்சாட்டு. மூன்றாவது தடவை போனபோது கிரியேட்டினின் 1.2 இலிருந்து 1.8 ஆகியிருந்தது. தம்பிக்கு எந்த வருத்தமும் இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரும் வழமைபோல. டொக்டர் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கிட்னியிலிருந்து ஊசியால் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். தம்பி கையெழுத்து வைக்க மறுத்துவிட்டான். பழைய டொக்டர் இருந்தால் ஊசி குத்த விடமாட்டாராம்.

அன்று பின்னேரம் வார்ட் வராந்தாவிலிருந்து பழைய டொக்டருக்கு ஒரு செய்தி அனுப்பினோம். இரவு எட்டுக்குப் பிறகு பதில் வந்தது, சிங்களத்தில் இரண்டே வரி. ஊசி குத்திப் பார்ப்பதுதான் சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இனி உங்கள் டொக்டர் அவர்தான், அவரிடமே கேளுங்கள். தம்பி அதை வாசித்துவிட்டு போனை உம்மாவிடம் கொடுத்தான். உம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி மகன், என்ட கிட்னிதானே, நான் சொல்றன், குத்தச் சொல்லு" என்றார். தாதி மிஸ்மாரும் சிரித்துவிட்டார்கள்.

முடிவு வந்தது: உடம்பு கிட்னியை நிராகரிக்கத் தொடங்கியிருந்தது, ஆரம்ப நிலையில். மூன்று நாள் நரம்பு வழியாக ஸ்டீரொயிட் மருந்து ஏற்றினார்கள். தம்பிக்குச் சீனியும் ஏறியது, முகம் ஊதியது, தூக்கமில்லை. கிரியேட்டினின் 1.4இல் வந்து நின்றது. பழைய 1.2க்கு இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம் என்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், கிட்னி வேலை செய்கிறது.

பழைய டொக்டர் போனதால்தான் இப்படி ஆனது என்று ஊரில் ஒரு கதை ஓடுகிறது. அப்படி எந்த டொக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடைத்த டக்ரோலிமஸ் வேறு கம்பனியின் பெட்டியில் வந்தது என்பது உண்மை. அதுதான் காரணம் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் பெட்டியின் நிறமோ பெயரோ மாறினால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். கம்பனி மாறும்போது இரத்தத்தில் மருந்தின் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த இரத்தம் எடுக்கும் காலையில் குளிசை குடிக்காமல் போக வேண்டும், எடுத்த பிறகே குடிக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போதே ஞாபகமாகக் குடித்துவிட்டு வந்து நிற்கிறவர்களை வாங்கில் அடிக்கடி காண்கிறோம். பாவம், நல்ல நோயாளிகள்தான் இந்தப் பிழையைச் செய்வது. எண் கூடிக் காட்டும், டொக்டர் குறைக்கக் கூடாத மருந்தைக் குறைப்பார்.

டொக்டர் புரட்டிப் பார்த்தது எங்கள் சீ.ஆர். கொப்பி. இதைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி கிழியும், நனையும், புதுக் கொப்பி கொடுக்கும்போது பழையது எங்கோ போய்விடும். நாங்கள் முதல் மாதத்திலிருந்தே 120 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்றில் இடாப்பு மாதிரிக் கோடு போட்டு எழுதி வருகிறோம். திகதி, கிரியேட்டினின், டக்ரோலிமஸ் அளவு, பிரஷர், நிறை, அன்று மாற்றிய குளிசை, மாற்றியவர் யார். பின் அட்டையின் உள்ளே டயக்னோசிஸ் கார்டின் போட்டோக் கொப்பி. ஒரு வகுப்பை விட்டு மாறிப் போகும் ஆசிரியர் அடுத்தவருக்கு எதை எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கல்வியியற் கல்லூரியில் படிப்பித்தார்கள். அதே வேலைதான். தம்பி முகம் பார்க்காத டொக்டர் என்று குறை சொன்னானே, அவர் அந்த எண்களின் வரிசையில்தான் 1.2 எவ்வளவு காலம் அசையாமல் நின்றது என்று கண்டார். இப்போது அவர்கள் இருவரும் கொஞ்சம் கதைக்கிறார்கள். போன தடவை கிரிக்கெட் பற்றி.

நோன்பு வரப்போவதால் ஒன்று. பழைய டொக்டர் தம்பியை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். டொக்டர் மாறியதால் அந்தச் சொல்லும் மாறியிருக்குமோ என்று தம்பி ஆசையோடு கேட்டான். இவரும் அதையே சொன்னார். 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குடிக்க வேண்டிய குளிசை, எங்கள் நாட்டு நோன்பு 13 மணித்தியாலத்துக்கு மேல், அதோடு தண்ணீரும் இல்லை. மாற்றியவர்களில் சிலரை டொக்டர்மார் அனுமதிக்கக்கூடும். அது அவரவர் டொக்டரிடம் கேட்க வேண்டியது, பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியதல்ல. நோயாளிக்கு மார்க்கத்தில் உள்ள சலுகையை எங்கள் மௌலவிமார் அழகாகச் சொல்லித் தருவார்கள். நோன்பு திறக்கக் கூப்பிடுகிறவர்கள் தம்பியிடம் "பிடிக்கலயா?" என்று கேட்காமல் இருந்தால் போதும்.

உம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையில் பழைய டொக்டர் போனதில் எங்களுக்கு ஏற்பட்ட பெரிய நட்டம் அங்கேதான். தம்பியின் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அவர் உம்மாவின் பிரஷரையும் பார்த்து, வருடத்துக்கு ஒரு தடவை இரத்தமும் சிறுநீரும் சோதிக்கத் துண்டு எழுதிக் கொடுப்பார். அவர் போன பிறகு யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் உம்மா நோயாளி இல்லை, பைலும் இல்லை. கொடுத்தவருக்கும் ஒரு கிட்னிதான் இருக்கிறது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். இப்போது புது டொக்டரிடம் கேட்டு உம்மாவின் பெயரில் தனியாக ஒரு கிளினிக் கொப்பி திறந்தாயிற்று. போன மாதம் சோதித்தது நல்லபடி. ஊரில் கிட்னி கொடுத்தவர்கள் யாராவது இரண்டு மூன்று வருடமாகச் சோதிக்காமல் இருந்தால், தயவுசெய்து போய்ப் பாருங்கள். மருந்துக் கடையில் நோவுக் குளிசை வாங்கும்போதும் ஒரு கிட்னிதான் என்று சொல்லி வாங்குங்கள். டிக்லோபெனாக் போன்றவை அவர்களுக்கு ஆகாது.

வசூல் வேண்டாம் என்று ஜமாஅத்தாரிடம் சொல்லிவிட்டோம். இந்தியாவும் வேண்டாம். அதைவிட உதவி ஒன்று தேவைப்படுகிறது. கிளினிக்குக்கு மாதம் ஒரு வான் பிடிக்கிறோம், இரவு 11 மணிக்குச் சந்தியில் புறப்படும். தம்பி, உம்மா, துணைக்கு ஒருவர் போக இன்னும் நான்கு இடம் இருக்கிறது. பக்கத்து ஊர்களிலிருந்து அதே ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அலைகிறவர்கள் இருந்தால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். பெற்றோல் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், இயலாதவர்கள் சும்மா வரலாம். காலைக் குளிசையைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், வானில் குடித்துவிடாதீர்கள்.