பதினாறு மீட்டரும் ஏழு மீட்டரும்

பெருங்களத்தூர் பேரூராட்சியாக இருந்த காலம். 2012-ல் மின்வெட்டு கடுமையாக இருந்ததால் சிறு தொழிற்கூடங்களில் டீசல் ஜெனரேட்டர்கள் பகலெல்லாம் ஓடின. அப்படி ஒரு கூடத்தின் மதிலை ஒட்டிக் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். அதில், உதறினாலும் போகாமல், தொட்டால் எண்ணெய்ப் பசையோடு விரலில் ஒட்டும் கரி. "வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா சார். ஜன்னலைத் திறக்கவே முடியல."

கூடத்தை நடத்திய நிறுவனத்திடம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருந்தது. 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் தரப்பட்டது. ஜெனரேட்டரின் புகைபோக்கி தரையிலிருந்து 16 மீட்டர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நின்றதோ 7 மீட்டர். புகார் போனதும் நிறுவனம் ஒரு மனுப் போட்டது: 16 என்பது தட்டச்சுப் பிழை, 7 என்று திருத்தித் தர வேண்டும். அந்தத் திருத்தம் மட்டும் கிடைத்திருந்தால் எங்கள் புகாருக்கு அன்றோடு உயிர் போயிருக்கும்.

புகைபோக்கி உயரத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு ஒன்று உண்டு. ஜெனரேட்டர் திறனின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி, அது நிற்கும் கட்டடத்தின் உயரத்தோடு கூட்ட வேண்டும். இங்கே திறன் 400 கே.வி.ஏ.; வர்க்கமூலம் 20; ஆக, கட்டடத்துக்கு மேல் 4 மீட்டர். எந்தக் கட்டடத்துக்கு மேல் என்பதில்தான் வழக்கே இருந்தது. ஜெனரேட்டர் நின்ற தகரக் கொட்டகை 3 மீட்டர், கூட்டினால் 7 என்றது நிறுவனம். பின்னால் நின்ற பிரதானக் கட்டடம் 12 மீட்டர். அதோடு கூட்டினால் 16.

நேரில் போய்ப் பார்த்தேன். கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் சுவர். கூரைத் தகடு பிரதானக் கட்டடத்தின் சுவரிலேயே போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. அந்தப் போல்ட்டுகளின் புகைப்படத்தை ஆட்சேப மனுவோடு இணைத்தேன். கொட்டகை தனிக் கட்டடம் அல்ல, பிரதானக் கட்டடத்தின் பகுதி; ஆகவே 16 என்பது விரல் தவறி விழுந்த எண் அல்ல, ஒரு பொறியாளர் யோசித்துப் போட்ட கணக்கு.

எழுத்துப் பிழையையும் கூட்டல் பிழையையும் திருத்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு இருக்கிறது. தீர்ப்பின் சாரத்தை மாற்ற அதைப் பயன்படுத்த முடியாது. அதே நியாயத்தைத்தான் இங்கும் வைத்தேன். காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிவது பிழை. டேப் பிடித்து அளந்து முடிவு செய்ய வேண்டியது நிபந்தனை மாற்றம். மாற்றத்துக்குக் காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு வழி சொல்கிறது: விசாரித்த பிறகே மாற்றலாம்.

"அந்த விசாரணை இசைவு பெற்றவருக்குத்தானே? பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். சட்டத்தின் எழுத்துப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு, மாநில வாரியத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்ட எவருக்கும் மேல்முறையீட்டு உரிமை தருகிறது. நாளை மேல்முறையீடு செய்ய உரிமையுள்ளவரை இன்றே கேட்டுவிடுவதில் என்ன குற்றம் என்றேன். வாரிய அதிகாரி எங்களையும் கேட்டார், இடத்துக்கு வந்து அளந்தார், திருத்த மனுவைத் தள்ளினார். கம்பி இழுத்துக் கட்டி, புகைபோக்கி 16 மீட்டருக்கு உயர்ந்தது.

சுற்றறிக்கை போட்டுச் சட்டரீதியான அறிவிக்கையை மீற முடியாது என்று 2020 ஏப்ரல் 1-ல் அலெம்பிக் பார்மசூட்டிகல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குஜராத் ஆலைகளின் சுற்றுச்சூழல் முன்னனுமதி பற்றிய வழக்கு அது. அந்த வழக்கில் இருந்த மூன்று நிறுவனங்களும் தலா 10 கோடி ரூபாய் செலுத்த உத்தரவானது. சட்டம் சொன்ன வழியைக் குறுக்குவழியில் தாண்ட முடியாது என்ற அதே நியாயம்; படித்தபோது எனக்கு அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது.

இன்னும் ஒரு குறை தீரவில்லை. மேல்முறையீட்டுக்கு, உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள் அவகாசம். பக்கத்து வீட்டுக்கு யார் தெரிவிக்கிறார்கள்? இசைவாணையில் ஓர் இலக்கம் மாறினாலும் அதன் நகலை ஆலை வாசலிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒட்டியே ஆக வேண்டும் என்று விதி வர வேண்டும்.