வாய் மேக்கால இருந்துச்சு

உச்சிப்புளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா, “தண்ணி பாட்டில எடுத்தியா?” என்று கேட்டாள். ராமநாதபுரத்திலிருந்து வந்த அரை மணி நேரத்தில் அது நான்காவது முறை. பாட்டில் அவள் கையில்தான் இருந்தது. அதைக் காட்டிவிட்டு, ரோட்டோரம் ஒதுங்கி நின்று, போனில் ஒரு வரி சேர்த்தேன். “24. பாட்டில். நாலு தடவை.”

இந்தப் பட்டியல் ஐப்பசியில் தொடங்கியது. அம்மா கேஸ் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போய்விட்டாள். அப்பா போன பிறகு மதுரை வீட்டில் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து டாக்டரிடம் அழைத்துப் போனான். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், ஒரு கடிகாரம் வரையுங்கள் என்று கேள்விகள். அம்மா கடிகாரத்தைச் சரியாக வரைந்தாள், கழித்தலில் தடுமாறினாள். இப்போதைக்கு எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, மறதியைக் குறித்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். குறித்து வைக்கும் வேலை என்னிடம் வந்தது. சித்திரையில் பட்டியலைப் பார்த்து, அம்மாவைத் தனியாக விடுவதா, வீட்டை வாடகைக்கு விட்டு அவளைப் பெங்களூருக்கு அழைத்துப் போவதா என்று முடிவெடுப்போம் என்பது எனக்கும் அண்ணனுக்கும் இடையில் பேச்சு. அம்மாவுக்கு இது தெரியாது.

தை பிறந்ததிலிருந்து, “ஒருக்கா கடலப் பாத்துட்டு வரணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ராமேஸ்வரம் போகலாம் என்றேன். “அது சாமி கடலுடி. நான் எங்க கடலச் சொல்றேன்” என்றாள்.

அவளுடைய கடல் உச்சிப்புளிக்கு வடக்கே இருக்கிறது. இந்த ஊருக்கு இரண்டு கடல்கள். தெற்கே சில கிலோமீட்டர் போனால் மன்னார் வளைகுடா, வடக்கே சில கிலோமீட்டர் போனால் பாக் விரிகுடா. இங்கே நிலம் அவ்வளவு ஒடுங்கிப்போகிறது. ராமேஸ்வரத்துப் பக்கம் தென்கடலை ஆண் கடல் என்றும் வடகடலைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். ஆடியில் தென்கடல் இரைந்துகொண்டிருக்கும்போது வடகடல் கண்மாய் மாதிரி கிடக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் கதை தலைகீழ். தாத்தா ரயில்வேயில் கேங்மேன். மீட்டர் கேஜ் காலம் அது. 1976இல் கல்யாணமாகி மதுரைக்குப் போகும்வரை அம்மா வளர்ந்தது இந்தத் தண்டவாளத்து ஓரத்தில்தான்.

ஆட்டோக்காரர், “குஷி பீச்தானக்கா?” என்றார். அரியமான் கடற்கரைக்கு இப்போது அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வேனாகக் கூட்டம் வரும் இடம். அம்மா வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். “பிள்ளைமடம் போப்பா. கழி கடல்ல சேருற எடம்.” தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து போனது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, ஐ.என்.எஸ். பருந்து. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது நம்ம காலத்துல கெடையாது” என்றாள்.

*

ஆட்டோ நின்ற இடத்திலிருந்து உடைமரங்களுக்கு நடுவே மணலில் நடந்தோம். ராவணன் மீசை காலைக் குத்தியது. கரையில் ஒருவரும் இல்லை. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீர் கரையைத் தொட்டுத் தொட்டு விலகியது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், சராசரியாக ஒன்பது மீட்டர்தான் என்கிறார்கள். ஒதுங்கிக் கிடந்த கடற்புல் காய்ந்து கரையோரம் பழுப்புக் கோடாக நீண்டிருந்தது. இந்தப் புல்லை மேய்கிற ஆவுளியாவுக்காகத்தான், இதே விரிகுடாவின் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள்.

கொஞ்ச தூரம் நடந்ததும் கரை அறுந்தது. முகத்துவாரம். இருபது முப்பது அடி அகலத்துக்குக் கழியின் தண்ணீர் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் முழங்கால் அளவு இருக்கலாம். அந்தப் பக்கம் மணல் திட்டில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தின. முழங்காலளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையோடு அசையாமல் நின்றிருந்தார்.

அம்மா நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது இல்லடி.”

“இதுதாம்மா.”

“வாய் இங்க இல்ல. மேக்கால இருந்துச்சு. அந்தா, அந்தப் பனையிருக்குல்ல, அதுக்கு நேரா.”

பனைகள் வெகுதூரம் தள்ளி நின்றன. நான் போனில் மேப்பைத் திறந்து காட்டினேன். நாங்கள் நிற்கும் நீலப் புள்ளியும் பக்கத்திலேயே கழி கடலைத் தொடும் இடமும் தெளிவாகத் தெரிந்தன. “பாரு, இங்கதான் இருக்கு. நீ வேற எடத்த நெனச்சுக்கிட்டு இருக்க.” என் குரலில் ஒரு பொறுமை இருந்தது. அந்தப் பொறுமை எனக்கே பிடிக்கவில்லை. அம்மா மேப்பைப் பார்க்கவே இல்லை. “நான் பொறந்து வளந்த எடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டாள். நான் நான்கடி தள்ளிப் போய் போனில் எழுதினேன். “25. முகத்துவாரம் எங்கே என்று தெரியவில்லை.”

வலைக்காரர் கரையேறினார். அறுபத்தைந்து வயதிருக்கும். வாளியில் நாலைந்து மடவை துள்ளின. அம்மாதான் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊரு, யாரு வீடு, என்ன மீனு. அப்புறம் நேராகக் கேட்டாள். “ஏப்பா, இந்த வாய் முன்ன மேக்கால இருந்துச்சா இல்லையா?”

அவர் சிரித்தார். “யக்கா பழைய ஆளுகபோல. நான் சின்னப் பயலா இருக்கப்ப அந்தப் பனைக்கு நேராத்தான் கெடந்துச்சு. மணல் ஏறி அடைச்சுக்கிருச்சு. அப்புறம் ஒரு மழையில தண்ணி முட்டிக்கிட்டு வந்து இங்கிட்டு ஒடச்சிருச்சு. வாய் என்ன ஒரே எடத்துலயா நிக்கிது? அது நடந்துக்கிட்டேதான இருக்கு.” கையை நீட்டிக் காட்டினார். கரைமேட்டுக்குப் பின்னால் கழியின் ஒரு கிளை, கடலுக்கு இணையாக மேற்கே போய், பனைகளுக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று மணலில் முடிந்திருந்தது. வந்ததிலிருந்து அது என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அது ஏன் அப்படி முட்டுச்சந்து மாதிரி நிற்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

*

மணற்கரையில் திறக்கிற முகத்துவாரங்கள் எல்லாமே இப்படித்தான். அலையும் நீவாடும் கரையோடு மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதை எதிர்த்து வாயைத் திறந்து வைத்திருப்பது, ஏற்றத்தில் உள்ளே போய் வற்றத்தில் வெளியே வருகிற தண்ணீரின் வேகம்தான். பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. கோடையில் மழைத்தண்ணீரும் நின்றுபோனால் மணல் ஜெயித்துவிடும். வாய் அடைபட்ட கழி வெயிலில் வற்றி, கடலைவிட உப்பாகி, உள்ளே மாட்டிய மீன்கள் செத்து மிதக்கும். மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1950களிலேயே பிள்ளைமடத்துக் கழியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் வந்து சேர்ந்து கழியின் மட்டம் உயரும்போது, மணல் எங்கே இளைத்திருக்கிறதோ அங்கே உடைத்துக்கொள்ளும். அது போன வருடம் உடைத்த அதே இடமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான் இருக்கும் சென்னையிலும் அடையாறு கடலில் சேரும் இடத்தில் மணல் அடைத்துக்கொள்வதும், பொக்லைனை வைத்துத் தோண்டுவதும் வழக்கம்தான். மட்டக்களப்பில் வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தை வெட்டித் திறந்துவிடுவார்கள். இதையெல்லாம் எங்கெங்கோ வாசித்திருக்கிறேன். ஆனாலும் அம்மா சொன்னபோது, இடம் மாறியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாதான் மாறிவிட்டாள் என்று தோன்றியது.

அவர் அடுத்த வீச்சுக்குப் போன பிறகு நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு போனை எடுத்து, “உன்னப் பத்தி ஒரு லிஸ்ட்டு வச்சிருக்கேன்ம்மா” என்றேன். எதற்கு என்பதையும் சொன்னேன். சித்திரை, பெங்களூர், எல்லாவற்றையும்.

அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “படி” என்றாள்.

படித்தேன். அடுப்பு. “ஆமா, அது நாந்தான். அன்னைக்கே எனக்குப் பயமாப் போச்சு.” பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை பணம் கொடுத்தது. “போன மாசப் பாக்கி அது. அவங்கிட்டயே கேளு.” தெருக்கோடி வீட்டுப் பெண்ணின் பெயரை மாற்றிக் கூப்பிட்டது. “ஆமா.” மாத்திரையை மறந்தது. “ரெண்டு நாளு.” அதற்கு அடுத்தது பதினொன்று. “புயலுக்கப்புறம் பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செய்தார்கள் என்கிறாள். இதற்கு முன்பு மூன்று மாதம் என்று சொல்லுவாள்.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். “மூணு மாசம் அப்பா வீட்டுக்கு வரலன்னுதான சொல்லுவேன்? பாலம் 46 நாளு. அதுக்கப்புறமும் லைன்ல வேல இருந்துச்சு.”

1964 டிசம்பர் 22 இரவு அவளுக்கு ஏழு வயது. தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலை அந்த இரவு கடல் கொண்டுபோனது. பாம்பன் பாலம் சிதைந்தது. இ. ஸ்ரீதரன் பொறுப்பில் அதை 46 நாட்களில் மீட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். என் போனிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கலாம். பார்க்காமல்தான் பதினொன்று என்று எண் போட்டிருந்தேன்.

இருபத்தைந்தையும் படித்து முடித்தோம். பதினாறை அம்மா ஒப்புக்கொண்டாள். ஆறு தவறு என்றாள். மூன்று அவளுக்கு ஞாபகமில்லை. அந்த மூன்றைப் பற்றித்தான் அதிக நேரம் பேசாமல் இருந்தோம்.

“பெங்களூருக்கு வரமாட்டேன்னு சொல்லல. ஆனா எங்கிட்ட கேக்கணும்ல?” என்றாள் கடைசியில்.

*

முகத்துவாரத்தில் தண்ணீரின் ஓட்டம் தளர்ந்திருந்தது. வெளியே போய்க்கொண்டிருந்த நுரை ஓரிடத்தில் நின்று சுற்றியது. “இப்பத் திரும்பும் பாரு” என்றாள் அம்மா. சின்ன வயதில் இறால் பொறுக்க அத்தையோடு இந்த வாயைக் கடந்து போவாளாம். வற்றத்தில் போய், ஏற்றம் வருமுன் திரும்பிவிட வேண்டும். ஒருமுறை நேரம் தப்பி, பாவாடையைத் தலையில் கட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வந்தார்களாம். இந்தக் கதையை நான் கேட்டதில்லை. இவ்வளவு நாளாக அவள் மறந்ததை மட்டுமே குறித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நுரை மெதுவாக உள்பக்கம் நகர ஆரம்பித்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கழிக்குள் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது, உள்ளான்கள் நின்றிருந்த திட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது.

கிளம்பும்போது அம்மா பனைகள் வரை நடக்க வேண்டும் என்றாள். நடந்தோம். பழைய வாய் இருந்த இடத்தில் அடம்பங்கொடி படர்ந்து கிடந்தது. அவள் குனிந்து மணலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு ராமநாதபுரம் லாட்ஜில் அம்மா தூங்கிய பிறகு, பிள்ளைமடத்தின் பழைய சாட்டிலைட் படங்களைத் தேடிப் பார்த்தேன். தெளிவாக இருந்தவை எல்லாம் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. அம்மாவின் வாய் அதற்கெல்லாம் முந்தியது. அது இப்போது அவளிடமும், அந்த வலைக்காரரிடமும், அவர்களைப் போன்ற சிலரிடமும்தான் இருக்கிறது. அண்ணனுக்குப் போன் செய்து, சித்திரையில் பேசும்போது அம்மாவும் உட்காரட்டும் என்றேன். “ஏன், பரவாயில்லாம இருக்காங்களா?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இருபத்தைந்தாவதை அழித்தேன், பதினொன்றையும். இருபத்து நான்கு அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலை மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அம்மா பாட்டிலைத் தேடினாள். எடுத்துக் கொடுத்தேன். பஸ் பரமக்குடியைத் தாண்டியபோது என் தோளைத் தட்டினாள்.

“நேத்து கடல்ல யார்கிட்டயோ பேசுனமே. என்ன சொன்னாரு அவரு?”

“வாய் மேக்காலதான் இருந்துச்சுன்னு சொன்னாரும்மா.”

“நான்தான் அப்பவே சொன்னேன்ல” என்றாள்.