முன்சீபின் மேசையும் நம் மேசையும்

கருக்களாச்சேரியிலிருந்து காரைக்கால் வந்து, வடக்கே பேருந்தேறினால் சிறிது நேரத்தில் தரங்கம்பாடி. டேனியக் கோட்டையையும் சீகன்பால்குவின் அச்சுப்பணியையும் எண்ணி அங்கு வருவோர் பலர். அவ்வூரில் முன்சீபாக அமர்ந்து வழக்குக் கேட்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்பதை நினைப்போர் சிலரே. வகுப்பில் நாமும் அவரை ஒரே வரியில் முடித்துவிடுவதே வழக்கம்: 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம், தமிழின் முதல் நாவல். மதிப்பெண் ஐந்து.

அவர் கத்தோலிக்கர். சத்திய வேதக் கீர்த்தனைகள் பாடியவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் அவருடையவையே. ஆயினும் அவருடைய விசுவாசத்தை நாம் தேடவேண்டிய இடம் கீர்த்தனைகள் மட்டுமல்ல என்று இப்போது தோன்றுகிறது. நீதிநூலில் (1859) கைக்கூலி வாங்குவோரைச் சாடியவர், கைக்கூலி நடமாடும் நீதிமன்றத்திலேயே தம் பிழைப்பைக் கொண்டிருந்தார். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். யாரும் இலக்கியம் என்று கொண்டாடப் போவதில்லை என்று தெரிந்தே செய்த வேலை அது. ஆங்கிலம் அறியாதவனுக்கும் தன்னை ஆளும் சட்டம் புரியவேண்டும், அவ்வளவுதான். தமிழ் வழக்கை ஆங்கிலத்தில் வாதிடும் வக்கீல்களை நாவலில் அவர் எள்ளுவதும் இக்கோபத்தால்தான். (நாவலை விடவும் அந்தத் தீர்ப்புத் தொகுதியே அவருடைய பெரிய நூல் என்று சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) 1876-78 பஞ்சத்தில் அவர் பசித்தோர்க்கு உணவளித்ததும், கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடியதும் பலரும் அறிந்தவை.

இதையெல்லாம் எழுத நமக்குள்ள தகுதி குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தும் முகாமொன்றில் இருந்தோம். தாளுக்கு இவ்வளவு என்று கூலி, பிற்பகல் வெயில், கடைசிக் கட்டு. கையொப்பமிட்டுக் கட்டைக் கட்டும்போது ஒரு தாளில், இரண்டு வெற்றுப் பக்கங்களுக்குப் பின், நெருக்கமான கையெழுத்தில் ஒரு விடை இருப்பது கண்ணில் பட்டது. அதற்கு நாம் மதிப்பெண் இடவில்லை. பட்டியலை அடித்துத் திருத்தவேண்டும், தலைமைத் தேர்வாளரிடம் விளக்கவேண்டும், காரைக்கால் பேருந்து தவறிவிடும். கயிற்றை முடிச்சிட்டுவிட்டோம்.

அன்றிலிருந்து எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறோம். கோபத்தைச் சொன்னோம், பொய்யைச் சொன்னோம், பூசை தவறிய ஞாயிறுகளைச் சொன்னோம். அந்த முடிச்சைச் சொல்லத் தோன்றவே இல்லை. மறைத்தோம் என்பதன்று, பாவம் என்பது வேலை நேரத்துக்கு வெளியே நிகழ்வது என்று எப்படியோ நம்பியிருந்தோம். முன்சீபைப் பற்றிக் கட்டுரை ஒன்றுக்குக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்த இரவில்தான், அந்த நெருக்கமான கையெழுத்து மறுபடி கண்முன் வந்தது.

சென்ற தவக்காலத்தில் சொன்னோம். சுவாமியார் நெடுநேரம் பேசாதிருந்து, "அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார். தாளில் பெயர் இராது, மாற்று எண்தான் இருக்கும் என்றோம். "அந்த எண்ணாவது?"

அதையும் நாம் பார்த்திருக்கவில்லை.