நிருபர் ஆகாத கதை

பி.காம். மூன்றாம் வருஷம். "அடுத்து என்னப்பா?" என்று கேட்காத சொந்தக்காரர் இனி பாக்கி இல்லை. இத்தனை நாளும் "பத்திரிகையில் சேரப் போறேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் அப்பாவிடம், "ஒரகடத்துல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போன டீயை இன்னொரு தடவை ஆற்றினார்.

இந்த ஆசை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர், நான் பதினொன்றாம் வகுப்பு. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸப்பில் வதந்தி. 17-ம் தேதி ராத்திரி பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு சாவுக் கணக்கு சொன்னார்கள். எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த ஓர் அக்கா, போனை எடுக்காத தன் தோழிக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு டீக்கடையில் ஒருவர் பேப்பரை விரித்துச் சத்தமாகப் படித்தார். யாரும் சாகவில்லை. "அதான் பேப்பர்லயே போட்டுட்டானே" என்றார் கடைக்காரர். அதோடு பேச்சு அடங்கியது. அடுத்த நாட்களில், விடுதியில் பெண்கள் தரையில் நெருக்கியடித்துப் படுத்த விஷயமெல்லாம் செய்தியானது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில்தான் ஆலை மறுபடி திறந்தது. பொய்யை நிறுத்தவும் உண்மையை வெளியே கொண்டுவரவும் யாரோ ஓர் ஆள் நேரில் போய் விசாரித்து எழுத வேண்டியிருக்கிறது, அந்த ஆள் நானாக இருக்கணும்... அவ்வளவுதான் என் ஆசை!

அந்த ஆசைக்கு எமனாக வந்தது காஸ்ட் அக்கவுண்டிங். ஒரு நாளிதழை அச்சடிக்க ஆகும் செலவை நாம் கொடுக்கும் விலை ஈடுகட்டாது. மிச்சத்தை விளம்பரம்தான் கட்டுகிறது. அந்த விளம்பரம் இப்போது செல்போனுக்குள் போய்விட்டது. இறக்குமதிச் செய்தித்தாள் காகிதத்துக்கு 2019-ல் 10 சதவீதம் சுங்கவரி போட்டார்கள். 2020-ல் அதை 5 ஆகக் குறைத்தார்கள், ஆனால் கூடவே கொரோனாவும் வந்துவிட்டது. 1941-ல் தொடங்கிய கல்கி அந்த 2020-ல்தான் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. இதெல்லாம் புதுசும் இல்லை. 1882-ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கி, 1899-ல் நாளிதழாகி, பாரதியாரே வேலை பார்த்த சுதேசமித்திரனும் நின்றுதான் போனது.

கணக்கோடு விடாமல், பகுதிநேர நிருபராக இருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரையும் கேட்டேன். "செய்திக்கு வர்ற காசு பெட்ரோலுக்கே பத்தாதுடா தம்பி. விளம்பரம் பிடிச்சா கமிஷன் உண்டு, அதுல ஓடுது" என்றார். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். வீட்டில் தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறாள், அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்குகிறது. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. பத்திரிகை அழிகிறது என்று இவ்வளவு புலம்புகிறேனே, நான் கடைசியாகக் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கியது எப்போது? யோசித்து யோசித்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. டீக்கடையில் ஓசி, இல்லாவிட்டால் செல்போனில் ஓசி. விளம்பரதாரர் மட்டுமா ஓடிப்போனார்? நானும்தான்.

நேற்று பேப்பர் போடும் அண்ணனிடம் போய் வீட்டுக்குப் போடச் சொன்னேன். "உங்க தெருவுல இப்ப யாருமே வாங்கறதில்லப்பா, ஒரு வீட்டுக்காக வர முடியாது. பஸ் ஸ்டாண்டு கடையில எடுத்து வைக்கச் சொல்றேன், வந்து வாங்கிக்கோ" என்றார்.

காலையில் ஆறு மணிக்கே போனால்தான் கிடைக்குமாம். நான் எழுந்திருப்பதோ எட்டு மணிக்கு. அப்பாவிடம் சொன்னேன். "ஷிப்டுக்குப் போற வழிதானே, நான் எழுப்பிவிடறேன்" என்றார்.