ஆகாயத்துக்கு ஒரு பட்டா

சென்னையிலிருந்து தெற்கே ரயிலில் போகிறவர்கள் முண்டியம்பாக்கம் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். பார்த்த மறு நிமிஷமே மறந்தும் இருப்பார்கள். சின்ன ஸ்டேஷன். சர்க்கரை ஆலைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் 2010-ம் வருஷத்தில் அங்கே சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஏற்பட்ட பிறகு, விழுப்புரம் ஜில்லா ஜனங்களுக்கு அந்தப் பெயரின் அர்த்தமே மாறிவிட்டது. "அவரை முண்டியம்பாக்கம் கொண்டுபோய்விட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. "எப்படி இருக்கிறார்?" என்றுதான் கேட்கிறார்கள்.

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கத்தில் கரையேறியபோது, என்னுடைய அத்தை மார்வலியுடன் அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் அரை மீட்டர் மழை கொட்டிற்று. சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்தது. டிசம்பர் 2-ந் தேதி அரசூர் அருகே வெள்ளம் நெடுஞ்சாலையில் ஏறித் திருச்சி செல்லும் வழி அடைபட்டது. வடக்கே விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயிலும் நின்றது. அத்தையை ஒருவேளை சென்னைக்குக் கொண்டுபோக நேரலாம் என்று டாக்டர் முன்தினம் சொல்லியிருந்தார். எப்படிக் கொண்டுபோவது?

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னைப்போல் காத்திருந்தவர்கள் பத்துப் பேர். அவர்களில் ஒரு கல்லூரி மாணவன், "ஹெலிகாப்டர் வந்தால் முக்கால் மணியில் சென்னை" என்றான். பக்கத்தில் துண்டை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஆகாயத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வரட்டும் தம்பி. வந்து எங்கே எறங்கும்?" என்று கேட்டார்.

அத்தைக்குச் சென்னைப் பிரயாணம் தேவைப்படவில்லை. முண்டியம்பாக்கத்து டாக்டர்களே குணப்படுத்தி அனுப்பினார்கள். ஆனால் பெரியவருடைய கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஹெலிகாப்டரில் நோயாளியை ஏற்றுவது புது விஷயம் அல்ல. 1942-ல் நம்மவர்கள் பர்மாவிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு கால்நடையாக வந்தார்கள் அல்லவா? அதே பர்மாவின் காட்டில், 1944-ம் வருஷம் ஏப்ரல் மாதம், கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி காயம்பட்டவர்களை ஒவ்வொருவராக ஒரு சிறிய ஸிகோர்ஸ்கி ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார். யுத்தத்தில் ஹெலிகாப்டர் உயிர் காத்த முதல் சம்பவம் அதுதான். 1989-ல் லண்டன் நகரம் தனக்கென்று ஓர் ஆகாய ஆம்புலன்ஸை ஏற்படுத்திக்கொண்டது. நம் தேசத்தில் 2024-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி, ரிஷிகேசத்து எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு ஹெலிகாப்டர் சேவை ஆரம்பமாயிற்று. மலை ஊர்களில் கட்டிலில் வைத்து நோயாளிகளைத் தூக்கி வரும் ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஹெலிகாப்டர் இருந்துவிட்டால் மட்டும் போதாது. 2020-ம் வருஷம் மே 9-ந் தேதி திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மனித இருதயம் கொச்சிக்கு ஹெலிகாப்டரில் பறந்து வந்தது. அது இறங்கியது ஆஸ்பத்திரியில் அல்ல. போல்காட்டித் தீவிலுள்ள ஒரு பெரிய ஹோட்டலின் தளத்தில்! அங்கிருந்து போலீஸார் சாலையை ஒழித்துக் கொடுக்க, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. விருந்தாளிகள் இறங்குவதற்கு இருந்த இடத்தில் இருதயமும் இறங்கிற்று. நல்லவேளை, ஹோட்டலாவது இருந்தது. முண்டியம்பாக்கத்தில் அதுவும் கிடையாது.

சரி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு தளம் போட்டுவிட்டால் என்ன? கொஞ்சம் சிமெண்ட், நடுவில் வெள்ளைச் சிலுவை, அதன்மேல் சிவப்பில் ஹெச் என்ற இங்கிலீஷ் எழுத்து, காற்றின் திசை காட்ட ஒரு துணிப்பை. இவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். விஷயம் தெரிந்த ஒரு சிநேகிதரிடம் விசாரித்தபோதுதான், சிமெண்ட் போடுவது இந்தக் காரியத்தில் கடைசி வேலை என்று புரிந்தது.

ஹெலிகாப்டர் கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல் நேர்க்குத்தாக இறங்குவதில்லை. சாய்வாக வந்து இறங்கி, சாய்வாகவே ஏறிப் போகிறது. கோடையில் மேல்காற்று, ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று. ஆகையால் ஒரு வழி போதாது. இரண்டு வழியாவது வேண்டும். அந்த வழிகளில், சர்வதேச விதிகளின் மிகக் கண்டிப்பான கணக்குப்படி, தளத்தின் ஓரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நாலரை மீட்டருக்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது. 200 மீட்டர் தள்ளினால் 9 மீட்டர். வளர்ந்த பனைமரம் 20 மீட்டருக்கு மேல் போகும். அது நிற்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 450 மீட்டர் விலகி நிற்க வேண்டும். நம் ஊரில் எந்தப் பனை இதற்குச் சம்மதிக்கும்? பனை போகட்டும். ஆலையின் புகைபோக்கி, மின்சாரக் கம்பிகள், ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பிகள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அனுமதி என்று சொல்கிறோமே, அது சிமெண்டுக்கான அனுமதி அல்ல, ஆகாயத்துக்கான அனுமதி. ஆஸ்பத்திரி நிலத்துக்குப் பட்டா இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள வெளிக்கு யார் பட்டா கொடுப்பது? விமானப் போக்குவரத்து இலாகா டில்லியில் இருக்கிறது. நிலத்தை எதற்கு உபயோகிக்கலாம் என்பது 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தைப் பொறுத்தது. ஜில்லாவில் கலெக்டர், போலீஸ், தீயணைப்பு, மராமத்து இலாகாக்கள். இவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாலும், அடுத்த நிலத்துக்காரர் நாளைக்கு மாடிமேல் மாடி கட்டினாலோ கைபேசிக் கோபுரத்துக்கு இடம் விட்டாலோ, போட்ட தளம் வீண்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, கரும்பு போடும் விவசாயி ஒருவரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "பக்கத்து நிலத்தில் ஹெலிகாப்டர் இறங்கினால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா, ஐயா?"

"உசுரு காப்பாத்துற காரியத்துக்கு யாருங்க ஆட்சேபம் சொல்லுவாங்க?" என்றார். அப்புறம் சற்று யோசித்து, "ஆனா அந்தக் காத்துக்கு என் கரும்பு சாயாதா? மாடு மெரளாதா? நாளைக்கு என் பையன் மேல ஒரு மாடி எடுக்கணும்னா விடுவாங்களா?" என்று அடுக்கினார்.

இந்தக் கேள்விகளைப் பட்டிக்காட்டுப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. இங்கிலாந்தில் பிளிமத் நகரத்து டெரிஃபோர்டு ஆஸ்பத்திரியில் 2022-ம் வருஷம் மார்ச் 4-ந் தேதி ஒரு பெரிய மீட்பு ஹெலிகாப்டர் இறங்கிற்று. அதன் இறக்கை கிளப்பிய காற்று, பக்கத்தில் கார்கள் நிறுத்தும் இடத்தில் நடந்து சென்ற ஒரு மூதாட்டியைக் கீழே தள்ளியது, அவர் இறந்துபோனார். தளம் ஒழுங்காகத்தான் இருந்தது. வந்தது ஒரு நோயாளியின் உயிரைக் காக்கத்தான். ஆனால் வேலிக்கு வெளியே நடக்கிறவர்களைப் பற்றிய யோசனை போதவில்லை. நம் விவசாயி கேட்டதும் அதே விஷயந்தான்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வாசகர்களுக்கு எழும்; எனக்கும் எழுந்தது. தேர்தல் வந்தால், தலைவர்கள் வந்தால், பொட்டல் வெளியில் நாலே நாளில் தளம் முளைக்கிறதே! லாரியில் தண்ணீர் வந்து புழுதியை அடக்குகிறது. தீயணைப்பு வண்டி நிற்கிறது. மராமத்து அதிகாரி பரிசோதிக்கிறார். கலெக்டரின் அனுமதி நேரத்துக்கு வந்து சேருகிறது. அப்படியானால் நம் அதிகாரிகளுக்கு வழி தெரியாமல் இல்லை. வேகமும் குறைவாக இல்லை. 2021-ல் மத்திய சர்க்கார் இதற்கென்றே 'ஹெலி திசா' என்று ஒரு வழிகாட்டிப் புத்தகத்தையும் ஜில்லா அதிகாரிகளுக்காக வெளியிட்டது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தலைவர் வரும் தேதி முன்பே தெரியும். அன்று ஒரு நாள் ஊரை ஒதுங்கி நிற்கச் சொன்னால் போதும். நோயாளி வரும் தேதி யமனுக்குத்தான் தெரியும். அவனுக்காக ஆகாயம் வருஷம் முழுவதும், இரவிலும் பகலிலும், காலியாகக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் ஒதுங்குவதற்கு உத்தரவு போதும். வருஷக்கணக்கில் ஒதுங்குவதற்கு ஊரார் மனம் வைக்க வேண்டும்.

புயல் வீசும்போது ஹெலிகாப்டர் பறக்காது என்று ஒருவர் என்னை மடக்கினார். வாஸ்தவம். ஆனால் காற்று ஒரு நாளில் ஓய்ந்துவிடுகிறது. வெள்ளம் அப்படி ஓய்வதில்லை. 2024 டிசம்பர் 2-ந் தேதி எங்கள் ஜில்லாவை அடைத்தது காற்று அல்ல, தண்ணீர். புயல் இல்லாத நாட்களிலோ நெடுஞ்சாலை விபத்துக்களுக்குக் குறைவே இல்லை.

ஆகவே என் யோசனை இது. இந்தக் காரியத்தை டில்லியில் ஆரம்பித்து முண்டியம்பாக்கத்தில் முடிக்கப் பார்க்காமல், முண்டியம்பாக்கத்தில் ஆரம்பித்து டில்லியில் முடிக்க வேண்டும். நம் ராஜ்யத்தில் வருஷத்துக்கு 6 தடவை கிராம சபை கூடுகிறது. அவற்றில் ஒன்று காந்தி ஜயந்தி அன்று. அந்தச் சபையில் ஆஸ்பத்திரி வரைபடத்தை விரித்து வைக்கட்டும். எந்தப் பனை போகும், எந்த நிலத்தில் மாடி கூடாது, அதற்கு என்ன நஷ்ட ஈடு, காற்று எவ்வளவு தூரம் வீசும், வேலி எங்கே வரும் என்பதை ஒளிக்காமல் சொல்லட்டும். கரும்புக்காரர் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் அதிகாரிகள் அங்கேயே பதில் சொல்லட்டும். அவர் தலையசைத்துவிட்டால் மற்றக் கையெழுத்துக்கள் கஷ்டமில்லை.