வெளியிட்டவர்: தெரியவில்லை

மார்கழியில் சித்தப்பாவிடமிருந்து போன் வராது. தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை வேலை தலைக்கு மேல் இருக்கும். கோவில்பட்டியில் சின்னதாக ஒரு டிடிபி கடை, பக்கத்து அறையில் ஒரு மினி ஆஃப்செட். சிவகாசியிலிருந்து வெற்றுக் கார்டுகளை வாங்கி வந்து வாசகம் அடித்துக் கொடுப்பார். இருபது வருஷத் தொழில்.

2019 டிசம்பர் கடைசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, எந்திச்சிட்டியா?"

"சொல்லுங்க சித்தப்பா."

"ஒண்ணுமில்ல, ஒரு சின்ன சந்தேகம். ஃபைல் பேரெல்லாம் மாறிப்போச்சுன்னா பழையபடி மாத்த முடியுமா?"

எத்தனை ஃபைல் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எல்லாந்தான்" என்றார்.

பெயர் மாறியது எப்போது என்று கேட்டதற்கு, "நேத்து சாயங்காலம்" என்றார். அப்போது என் வயிற்றில் ஒரு பிசைவு வந்தது. நேற்றுச் சாயங்காலம் முதல் இன்று காலை வரை அந்தக் கம்ப்யூட்டரை அணைக்காமல், யாரிடமும் சொல்லாமல், அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். ராத்திரியோடு ராத்திரியாக அது பக்கத்து மெஷினின் பகிர்ந்த ஃபோல்டருக்குள் போய்விட்டது. பேக்கப் என்று வாங்கிக் கொடுத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும். அதையும் விட்டுவைக்கவில்லை. பேஜ்மேக்கர் ஃபைல்கள், கோரல் டிரா ஃபைல்கள், பதினோரு வருஷக் கல்யாணங்கள், காதணி விழாக்கள், நினைவஞ்சலிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: 500 டாலர் மதிப்புக்கு பிட்காயின் அனுப்பினால் சாவி தருவோம்.

"ஏன் சித்தப்பா நேத்தே கூப்பிடல?"

"நீ திட்டுவேன்னு நெனச்சேன்."

*

திட்டியிருக்கிறேன். அதற்கு முன்பு ஒருமுறை அவருடைய பிரவுசரில் நாலைந்து டூல்பார் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தபோது, "கண்டதையெல்லாம் ஏன் கிளிக் பண்றீங்க" என்று கடைப் பெண்ணின் எதிரிலேயே கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் இந்த ஒரு ராத்திரியைச் சாப்பிட்டுவிட்டது. இணைப்பு ஒயரை அன்று சாயங்காலமே பிடுங்கியிருந்தால் இரண்டாவது மெஷினாவது தப்பித்திருக்கும்.

அன்று மதியமே பஸ் பிடித்தேன். கடையில் போய் உட்கார்ந்து, என்ன வந்தது என்று கேட்டேன். அவர் மெயிலைக் காட்டினார். விண்டோஸ் 7-க்கான அவசரப் பாதுகாப்பு அப்டேட். 24 மணி நேரத்துக்குள் நிறுவாவிட்டால் கணினி இயங்காது. கூடவே ஒரு ஜிப் ஃபைல். அதைத் திறக்க வேண்டிய பாஸ்வேர்டு மெயிலிலேயே இருந்தது.

"பாஸ்வேர்டெல்லாம் போட்டு அனுப்பியிருக்கானே, பத்திரமாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நியாயமான யோசனைதான். ஆனால் அந்தப் பூட்டு அவருக்காகப் போட்டதல்ல, வழியில் சோதனை போடும் வைரஸ் ஸ்கேனருக்காகப் போட்டது. பூட்டிய ஜிப்புக்குள் இருப்பதை ஸ்கேனரால் பிரித்துப் பார்க்க முடியாது. சாவியைக் கையில் வாங்கி, உள்ளே விட்டது சித்தப்பாதான்.

"திறந்ததும் ஒண்ணும் கேக்கலையா?"

"மஞ்சப் பட்டை போட்டு ஒண்ணு வந்துச்சு. வெளியிட்டவர் யாருன்னு தெரியலை, சம்மதமான்னு. அவனுக்கே தெரியலைன்னு போட்டிருக்கான். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அந்த மஞ்சள் பட்டையை வடிவமைத்தவர் நல்ல எண்ணத்தில்தான் வடிவமைத்திருப்பார். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லத் தேவையான எதையும் கொடுக்காமல், பொறுப்பை மட்டும் எதிராளியின் சுட்டுவிரலுக்கு மாற்றிவிடுவதில் எங்கள் தொழில் கெட்டிக்காரத்தனமானது.

அடுத்து அவர் சொன்னதுதான் ஊசி. கோபமே இல்லாமல் சொன்னார்.

"நீதான சொன்னே, அப்டேட் வந்தா உடனே போட்டுரணும்னு."

*

ஆமாம். 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவிய வாரத்தில் நானேதான் போன் பண்ணிச் சொன்னேன். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. போடாமல் இருந்தவர்கள் மாட்டினார்கள். மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மெஷின்கள். "அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க சித்தப்பா" என்று நான் சொன்னது சரியான அறிவுரைதான். பாதி அறிவுரை. அப்டேட் எந்த வாசல் வழியாக வரும் என்ற மீதிப் பாதியை நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய விண்டோஸ், ஊரில் பலரிடம் இருப்பதைப் போல, ஒருவர் சிடியில் போட்டுக் கொடுத்த விண்டோஸ். 'இது அசல் பிரதி அல்ல' என்ற எச்சரிக்கை வந்துவிடுமோ என்று பயந்து, போட்டுக் கொடுத்தவரே ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணைத்துவிட்டிருந்தார். எனக்கு இது தெரியும். அடுத்த லீவில் வந்து சரிபண்ணுகிறேன் என்று மூன்று பொங்கல் சொல்லியிருக்கிறேன். ஆக, முறையான வாசலைப் பூட்டிவிட்டு, 'அப்டேட் போடுங்க' என்று ஒரு மனிதரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? அந்த மாதம் பேப்பரிலும் செய்தி வந்திருந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிகிறது. அன்றைக்குப் போகிப் பண்டிகை. பழையன கழிதல். இந்தக் கவலையோடு உட்கார்ந்திருந்தவரின் இன்பாக்ஸில்தான் அந்த மெயில் வந்து விழுந்தது. அனுப்பியவனுக்கு சித்தப்பாவைத் தெரியாது. ஆனால் அந்த மாதம் விண்டோஸ் 7 வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே கவலை இருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

*

சாவி கிடைக்குமா என்று பார்த்தேன். 'நோ மோர் ரான்சம்' என்றொரு தளம் இருக்கிறது. நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது. உடைக்கப்பட்ட ரான்சம்வேர்களுக்கான சாவிகளை இலவசமாகத் தருவார்கள். எங்கள் பூட்டுக்குச் சாவி இல்லை. பணம் கட்டலாமா என்று சித்தப்பா கேட்டார். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றேன். "அப்போ டைப் பண்ணிருவோம்" என்றார்.

நிலுவையில் இருந்தது 23 ஆர்டர். முகூர்த்தம் எல்லாம் தையில். வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய ப்ரூஃப் படங்கள் போனில் பத்திரமாக இருந்தன. ரெண்டு மெஷினையும் துடைத்துவிட்டு, புதிய ஹார்ட் டிஸ்க்கில் இந்தமுறை காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 10 போட்டேன். அதற்குமேல் என்னால் பிரயோஜனம் இல்லை. அவரும் கடைப் பெண்ணும் பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டில், யூனிகோடுக்கு முந்தைய ஃபான்டுகளில் அடிப்பவர்கள். எனக்கு ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை மட்டுமே தெரியும். எனவே நான் வாசிப்பவனானேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு, "நிகழும் மங்களகரமான விகாரி வருடம்" என்று இருபத்து மூன்று முறை வாசித்தேன். தாய்மாமன் பெயர், பெரியப்பா பெயர், அமரர் ஆன தாத்தாக்களின் பெயர். ஒரு பெயர் விட்டுப்போனாலும் கல்யாணத்தில் சண்டை.

இரண்டாம் நாள் இரவு டீ குடிக்கும்போது அவருக்கு ஒரு சந்தேகம். "மைக்ரோசாஃப்ட்னு பேர் போட்டிருந்துச்சே தம்பி, அது எப்படி?"

1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிமுறை, அதாவது மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முறை, அனுப்புநர் சொல்லும் பெயரைச் சரிபார்ப்பதில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். கையமர்த்திவிட்டார்.

"நம்ம கடை மாதிரின்னு சொல்லு. 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டு யார் பேரைக் குடுத்தாலும் நான் அடிப்பேன். அவரைக் கேட்டுட்டா அடிக்கேன்?"

அவ்வளவுதான். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. பிற்காலத்தில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று சரிபார்ப்பு முறைகள் சேர்ந்தன. ஆனால் திரையில் பெரிதாகத் தெரியும் பெயர் இன்றும் கார்டில் அச்சடித்த பெயர்தான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் லேப்டாப்பில் அந்த மெயிலைத் திறந்து, ஜிப்பைத் தொடாமல், மெயிலை மட்டும் பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு அவரிடம் கொடுத்தேன். "ப்ரூஃப் பாருங்க சித்தப்பா."

கண்ணாடியை மாட்டினார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. முகவரியில் மைக்ரோசாஃப்டின் முதல் எழுத்தான 'எம்' இல்லை. 'ஆர்' என்ற எழுத்தும் 'என்' என்ற எழுத்தும் ஒட்டி நின்று 'எம்' போல நடித்துக்கொண்டிருந்தன. வட்டமிட்டார். 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்பதை வட்டமிட்டார். "பேர் எழுதாத பத்திரிகையைக் குடுத்தா எவன் வருவான்?" 24 மணி நேரம் என்பதன் அடியில் கோடு. "அவசரம் அவசரம்னு வாரவன் வேலையிலதான் தப்பு விழும்." ஒரு வரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி இரட்டிப்பாக இருந்ததைக்கூட விடவில்லை.

பேனாவை மூடிவிட்டு, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு இதைப் படிக்கவே இல்ல தம்பி. பயந்துட்டேன்."

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் பொய்யாகிவிடும். பிழை பார்க்கத் தெரிந்தால் தப்பித்துவிடலாம் என்பது உண்மையில்லை.

2003 செப்டம்பரில் ஸ்வென் என்றொரு வைரஸ் வந்தது. 'நியூஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போட்ட பெயர். மைக்ரோசாஃப்டின் இணையதளத்தைப் பார்த்தது போலவே வடிவமைத்த மெயில், பாதுகாப்பு அப்டேட் என்று ஓர் இணைப்பு. அதை இயக்கினால், 'நிறுவட்டுமா?' என்று மரியாதையாகக் கேட்கும். சம்மதம் என்றால் அப்டேட் ஏறுவது போல ஒரு பட்டையை ஓடவிட்டு ஏறிக்கொள்ளும். வேண்டாம் என்றால் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். அந்த வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு, பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கிடந்தவன். என்னிடம் வந்திருந்தால் நானும் சம்மதம்தான் சொல்லியிருப்பேன்.

எனவே பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, வழியை. விண்டோஸ் அப்டேட் மெயிலில் இணைப்பாக வராது. ஒருபோதும் வராது. மைக்ரோசாஃப்ட் ஸ்வென் காலத்திலேயே சொன்ன விஷயம் இது. மெயில் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூடிவிட்டு, செட்டிங்ஸுக்குள் நாமே போய் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கிய ஃபைலில் சந்தேகம் இருந்தால், ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்று பார்க்கலாம். பேக்கப் எடுத்த டிஸ்க்கை உடனே கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். தவறிப்போய் கிளிக் செய்துவிட்டால் முதலில் நெட் ஒயரைப் பிடுங்க வேண்டும், அடுத்த நிமிஷம் யாருக்காவது போன் செய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2017 ஜூன் 27-ஆம் தேதி உக்ரைனில் நாட்பெட்யா பரவியது முறையான வாசல் வழியாக. அங்கே நிறுவனங்கள் வரிக்கணக்குக்குப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் சர்வருக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். அந்த அப்டேட் போலி இல்லை, அசல் சர்வரிலிருந்தே வந்தது. யாரும் எந்த விதியையும் மீறவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியர்க்கும். காரணம், என் வேலையும் அதுதான். சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு குழுவில் இருக்கிறேன். புதிய வெர்ஷன் வரும்போது வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவதும் என் பொறுப்பு. ஊரிலிருந்து திரும்பியதும் நான் எழுதிய பழைய மெயில்களை எடுத்து, சித்தப்பாவின் சிவப்பு வட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 'அன்புள்ள வாடிக்கையாளரே.' 'முக்கியமான அப்டேட்.' 'உடனடியாக நிறுவவும்.' நடுவில் ஒரு பெரிய நீலப் பொத்தான். திருடன் எங்களைப் பார்த்துத்தான் எழுதப் படித்திருக்கிறான். மக்களைப் பயந்து கிளிக் செய்யப் பழக்கியது நாங்கள். அறுவடை செய்வது அவன்.

அதற்குப் பிறகு எங்கள் மெயிலில் பொத்தான் கிடையாது, லிங்க் கிடையாது. 'உங்கள் வசதிப்படி மென்பொருளைத் திறந்து, உதவி மெனுவில் புதிய வெர்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள்' என்று மட்டும் எழுதுகிறோம். கிளிக் எண்ணிக்கை இல்லாமல் எப்படி அளப்பது என்று மார்க்கெட்டிங்கில் வருத்தப்பட்டார்கள். இன்னும் வருத்தப்படுகிறார்கள்.

23 ஆர்டரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பதினோரு வருஷ ஃபைல்கள் திரும்பவில்லை. பழைய வாடிக்கையாளர் யாராவது "மூத்த பொண்ணுக்கு அடிச்ச அதே மாடல்ல" என்று வந்தால், சித்தப்பா சாம்பிள் ஆல்பத்தைப் புரட்டி, பார்த்து அடிக்கிறார்.

இப்போதெல்லாம் எந்த மெயில் வந்தாலும் எனக்கு போன் வரும். மின் கட்டணம், வங்கி, யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து, எதுவானாலும். மீட்டிங்கில் இருந்தாலும் எடுத்துவிடுகிறேன். போன மாதம் ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க கம்பெனி பேர்ல ஒண்ணு வந்திருக்கு. நீ எழுதினதா?"

"ஆமா சித்தப்பா, நான்தான்."

"சரி. நான் மெனுவுல போய்ப் பாத்துக்கிடுதேன்." வைக்கப் போனவர் நிறுத்தினார். "மூணாவது வரியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு. பாத்துக்கோ."