தன் கையால் ஓர் ஒலிபெருக்கி

வைகை ஆற்றின் கரையில் அமைந்த பரமக்குடி, தறியால் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்த் தெருக்களில் பட்டும் பருத்தியும் துணியாகும் ஓசை தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்துள்ளது. நெசவை வெளியே நின்று காண்பவர், நாடா இங்கும் அங்கும் ஓடுவதையே நெசவு என்று எண்ணுவர். நாடா ஓடத் தொடங்குமுன்னரே பெரும்பகுதி வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதை நெசவாளர் அறிவர். பாவு இழைகளை ஒவ்வொன்றாக விழுதிலும் அச்சிலும் கோத்து, முறை தவறாமல் அமைந்துள்ளனவா என்று பார்த்த பின்னரே மிதியில் கால் வைப்பர். ஓர் இழை இடம் மாறினும் அப்பிழை துணி முழுவதும் கோடாக ஓடிவிடும்.

செய்வதற்கு முன் எண்ணுதலும், செய்த பின் சரிபார்த்தலும் தறிக்கு மட்டும் உரியன அல்ல. கையால் செய்யும் எத்தொழிலுக்கும் அவை உயிர்நிலையாகும். சில தொழில்களில் அவை செய்பவரின் உயிரையே காப்பனவும் ஆகும். வீட்டில் இருந்தபடியே உறுப்புகளைச் சேர்த்து, ஹெட்போனில் இசை கேட்பதற்குரிய வால்வு ஒலிபெருக்கியைச் செய்வது அத்தகைய தொழில்களுள் ஒன்று.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். 1904-ஆம் ஆண்டில் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் என்னும் ஆங்கில அறிஞர், இத்தகைய குழாயில் சூடேறிய உறுப்பு ஒன்றையும் அதன் எதிரே தகடு ஒன்றையும் அமைத்தார். மின்னோட்டம் அதனுள் ஒரு வழியாக மட்டுமே சென்றது. ஒரு பக்கமே திறக்கும் கதவு போன்றிருந்தமையால் அதற்கு வால்வு என்னும் பெயர் அமைந்தது. 1906-ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், அவ்விரண்டுக்கும் இடையே மெல்லிய கம்பி உறுப்பு ஒன்றைப் புகுத்தினார். அச்சிறு கம்பியே உலகின் செவியைத் திறந்தது.

அது செய்யும் வேலையை இராமநாதபுரச் சீமையில் பிறந்தவர்க்கு விளக்குதல் எளிது. அது கண்மாய்கள் நிறைந்த நாடு. வைகையும் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சென்று சேர்கின்றது. கண்மாயின் மடையில் நிற்பவர் அடைப்பலகையைச் சிறிது உயர்த்தினால் கால்வாயில் நீர் பெருகும். சிறிது தாழ்த்தினால் குறையும். வயலை நனைப்பது அவர் கையின் வலிமையா? அன்று, கண்மாயில் தேங்கிய நீரின் வலிமையே அது. கை, அவ்வலிமைக்கு வழி சொல்கின்றது, அவ்வளவே. வால்வில் உள்ள கம்பி வலை அந்த அடைப்பலகை போன்றது. மெல்லிய இசைக் குறிப்பு அவ்வலையை அசைக்கின்றது. மின்வழங்கியில் தேங்கிய மின்சாரம் அவ்வசைவுக்கு ஏற்பப் பெருகியும் குறைந்தும் பாய்கின்றது. சிறிய ஒலி பெரிய ஒலியாவதன் மறைபொருள் இதுவே.

இத்துறையின் வரலாற்றில் வீட்டுக்குச் சிறந்த இடம் உண்டு. அமெரிக்காவில் நத்தானியேல் பால்டுவின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன்களைச் செய்தார்; 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை அவற்றை வாங்கத் தொடங்கியது. தமிழகத்திலும் வானொலியை முதலில் கொணர்ந்தவர் ஆர்வலர்களே. 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னை மாகாண வானொலி மன்றத்தை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அம்மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அப்பணி நின்றது. எனினும் அவர்கள் இட்ட வித்து வீண்போகவில்லை. அம்மன்றத்தின் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் அப்பணியை ஏற்றது.

பாக் நீரிணைக்கு அப்பால் கொழும்பிலும் நிகழ்ந்தது இதுவே. எட்வர்டு ஹார்ப்பர் என்னும் பொறியாளர் 1923-இல் தந்தி அலுவலகத்தின் சிறு அறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்களை ஒலிபரப்பிச் சோதனை செய்தார். பிடிபட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டே அதற்குரிய கருவி அமைக்கப்பட்டது. 1925-ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பின்னர் இலங்கை வானொலியாக வளர்ந்து, அதன் தமிழ் ஒலிபரப்பு கடல் கடந்து தமிழகத்து இல்லங்களிலும் இராமநாதபுரக் கடற்கரை ஊர்களிலும் ஒலித்தது. பெரிய நிலையங்கள் பலவற்றின் தொடக்கம், சிலர் ஒரு சிறிய அறையில் கம்பிகளோடு அமர்ந்திருந்த பொழுதுகளே என்பதை இவை காட்டும்.

உறுப்புகளை ஒரு பெட்டியில் தொகுத்து, செய்முறை நூலையும் உடன் வைத்து விற்கும் வழக்கத்தைப் புகழ்பெறச் செய்தது அமெரிக்காவின் ஹீத் நிறுவனம். இரண்டாம் உலகப் போரில் எஞ்சிய மின்னணு உறுப்புகளை வாங்கி, 1947-இல் மின்னலைகாட்டி ஒன்றை இவ்வாறு விற்றது. அதன் செய்முறை நூலில் ஒவ்வொரு படியின் அருகிலும் குறியிடுவதற்குச் சிறு இடம் இருக்கும். ஒரு படியை முடித்து, குறியிட்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். பொறியியல் கல்லாத எத்தனையோ பேர் அந்நூலை ஆசானாகக் கொண்டு ஒலிபெருக்கிகளையும் வானொலிகளையும் செய்தனர்.

பரமக்குடியில் நெசவாளர் வீட்டு இளைஞன் ஒருவன் இத்தகைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தான் எனக் கொள்க. பெட்டியைத் திறந்தால் அலுமினியச் சட்டம், மின்மாற்றிகள், மின்தடைகள், மின்தேக்கிகள், ஒன்பது கால் வால்வுகள், அவற்றைப் பொருத்தும் குழிகள், திருகாணிகள், பல நிறக் கம்பிகள் ஆகியன இருக்கும். உடனே பற்றவைக்கக் கை துடிக்கும். அருகில் தறியில் அமர்ந்திருக்கும் தந்தை மின்னணுவியல் அறியார். ஆயினும், “தம்பி, கோக்குமுன் எண்ணு” என்பார். அதனினும் சிறந்த அறிவுரையைச் செய்முறை நூலும் கூறாது.

மின்தடைகளின் மேல் நிற வளையங்கள் உள்ளன. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றிருந்தால் அதன் அளவு 1,000 ஓம். பழுப்பு, கறுப்பு, செம்மஞ்சள் என்றிருந்தால் 10,000 ஓம். சிவப்பையும் செம்மஞ்சளையும் மாற்றி உணர்ந்தால் அளவு பத்து மடங்கு பிழைபடும். சாயமேறிய நூலைப் பகலொளியில் பார்த்து நிறம் தேரும் கண்ணுக்கு இது புதிதன்று. எனினும் ஒவ்வொன்றையும் அளவுகருவியால் அளந்து, தாளில் செருகி, பெயரெழுதி வைத்தலே நன்று.

அடுத்தது பற்றவைத்தல். வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் கலந்த பற்றாசு 183 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும். பற்றாசை உருக்கி இணைப்பின் மேல் சொட்டவிடுதல் தவறு. இணைப்பைச் சூடாக்கி, அச்சூட்டினால் பற்றாசு தானே உருகிப் பரவச் செய்தல் வேண்டும். நன்கு பற்றிய இணைப்பு கம்பியைத் தழுவிச் சீராகப் படிந்திருக்கும். சூடு போதாத இணைப்போ மேலே உருண்டு நிற்கும். பார்வைக்கு ஒட்டியதுபோல் தோன்றி, பின்னர் விட்டு விட்டு இரையும். பற்றவைக்கும் இடத்தில் காற்றோட்டம் இருத்தலும், வேலை முடிந்ததும் கை கழுவுதலும் இன்றியமையாதன. காரீயம் உடலுக்கு நஞ்சு.

வால்வைச் சூடேற்றும் இழைக்கு மின்சாரம் கொண்டு செல்லும் இரு கம்பிகளையும் கயிறு திரிப்பதுபோல் ஒன்றோடொன்று திரித்துச் செலுத்த வேண்டும். அவற்றில் எதிரெதிராகச் செல்லும் மின்னோட்டங்களின் விளைவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திரிக்காமல் விட்டால், நொடிக்கு 50 முறை மாறும் மின்சாரத்தின் முரலொலி இசையோடு கலந்து கேட்கும்.

வால்வுக்கும் ஹெட்போனுக்கும் இடையே மின்மாற்றி வைப்பதற்கும் காரணம் உண்டு. வால்வு சில ஆயிரம் ஓம் தடையை எதிர்நோக்கும். ஹெட்போனோ 32 ஓம் அளவினதாக இருக்கலாம். 15 சுற்றுக்கு 1 சுற்று என்னும் விகிதத்தில் அமைந்த மின்மாற்றி, 15-ஐ 15-ஆல் பெருக்கிய 225 மடங்காக அதனைக் காட்டும். எனவே 32 ஓம், வால்வுக்கு 7,200 ஓமாகத் தோன்றும். இருவேறு மொழியாளர்க்கு இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளரைப் போன்றது மின்மாற்றி. மேலும், வால்வின் உயர் மின்னழுத்தம் கேட்பவரின் செவியை அணுகாதவாறு தடுத்து நிற்கும் காவலும் அதுவே.

அந்தக் காவலின் அருமையை உணர்தல் வேண்டும். இவ்வகை ஒலிபெருக்கிகளில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் இருப்பது இயல்பு. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் மின்தேக்கிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். மூடிய மடைக்குப் பின்னால் கண்மாய் நிறைந்திருப்பது போன்றதே அது. ஆதலின் மின்தொடர்பை நீக்கி, தக்க மின்தடையின் வழியே அதனை வடியச் செய்து, அளவுகருவி சுழியத்தைக் காட்டிய பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். ஓடும் கருவியை அளக்க நேர்ந்தால் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்வது அறிந்தோர் வழக்கம். ஒரு கையில் புகுந்து மறு கையில் வெளியேறும் மின்சாரம் நெஞ்சின் வழியே செல்லும். கற்றுத் தேர்ந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க அன்றி, மாணவர் எவரும் இவ்வேலையில் இறங்கலாகாது.

எல்லாம் முடிந்த நாளில் இளைஞன் உடனே ஹெட்போனை மாட்டிக்கொள்வதில்லை. ஒவ்வோர் இணைப்பையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு மீண்டும் பார்க்கின்றான். பின்னர்க் கருவிக்குத் தொடராக ஓர் இழை விளக்கை இணைத்து மின்சாரம் செலுத்துகின்றான். உள்ளே எங்கேனும் குறுக்கிணைப்பு இருந்தால் விளக்கு முழுவதும் எரிந்து எச்சரிக்கும். விளக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குகின்றது. அதன் பின் விளக்கை நீக்கி, நேரே மின்சாரம் செலுத்தி, வெளிவாயிலில் தீய மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்து அறிகின்றான். அதன் பின்னரே ஹெட்போன். வால்வுகளினுள் செந்நிற ஒளி மெல்ல எழுகின்றது. சில நொடிகள் அமைதி. பின்பு நாகசுர இசை, எங்கிருந்தோ நடந்து வருவதுபோல் வருகின்றது.

இதனால் அடைந்த பயன் யாது? 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், காலப்போக்கில் வால்வின் இடத்தைக் கைப்பற்றிவிட்டது. உருசியா, சுலோவாக்கியா, சீனா முதலிய சில நாடுகளிலேயே இன்று வால்வுகள் செய்யப்படுகின்றன. வால்வின் ஒலியே தூய்மையானது என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. எளிய வால்வு ஒலிபெருக்கி, மூல ஒலியில் இல்லாத இரட்டை அதிர்வைச் சிறிதளவு தானே சேர்க்கும். இரட்டை அதிர்வு என்பது மேல் நிலையில் ஒலிக்கும் அதே சுரம் ஆதலின், அக்கலப்பு செவிக்கு இனிக்கின்றது. அளவுகருவியால் அளந்தால் குறைந்த விலை டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கியே பெரும்பாலும் செம்மையில் முந்தும்.

ஆயினும் பயன் உண்டு. இன்று கையில் எடுக்கும் கருவிகளுள் பல, திறக்க இயலாதவாறு மூடப்பட்டவை. பழுதுற்றால் எறிவதன்றி வேறு வழி அறியாதவராய்ப் பலர் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். தன் கையால் செய்தவனோ, எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே செல்கின்றது என்பதை அறிவான். முரலொலி எழுந்தால் அதன் காரணத்தைத் தேடுவான். ஒலி நின்றால் அஞ்சான். விலை கொடுத்து வாங்கியவர் கருவியை மட்டுமே பெறுகின்றார். செய்து பெற்றவர், கருவியோடு அறிவையும், அறிவோடு பொறுமையையும் பெறுகின்றார். கருவி ஒருநாள் பழுதுறும். ஏனைய இரண்டும் அதனைச் செம்மை செய்ய எஞ்சி நிற்கும்.